உடம்பு சரியாக இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டிய காகிதம்: மனநலச் சட்டம் 2017, வீட்டிலிருந்து வாரியம் வரை

வீட்டில் ஒருவருக்கு பைபோலார், ஸ்கிசோஃப்ரினியா, கடும் மனச்சோர்வு என்று ஏதோ ஒன்று இருக்கிறது. ஒரு தடவையாவது மருத்துவமனையில் சேர்த்துத் திரும்ப அழைத்து வந்திருக்கிறீர்கள். அடுத்த தடவை அந்த அலங்கோலம் வேண்டாம் என்று நினைக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நோயோடு வாழ்பவர் நீங்களே என்றால் இது இன்னும் அதிகமாக உங்களுக்குரியது, ஏனென்றால் இதில் கையெழுத்துப் போட வேண்டியவர் நீங்கள்தான்.

என் அக்காவுக்கு பைபோலார்: சில காலம் மேனியா என்ற அளவுமீறிய வேகம், சில காலம் ஆழ்ந்த சோர்வு. அவள் நன்றாக இருக்கும் மாதங்களில் என்ன மருந்து ஒத்துக்கொள்கிறது, எது ஒத்துக்கொள்ளவில்லை, யார் பக்கத்தில் இருந்தால் பயம் குறைகிறது என்று தெளிவாகச் சொல்வாள். வார்டு வாசலில் அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவள் சொன்னதை எழுத்தில் கொண்டுவந்து, அது டாக்டர் கைக்குப் போய்ச் சேரும்படி செய்ய நாங்கள் நிறைய அலைந்தோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. அதற்கு ஏற்றபடி வந்ததுதான் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017. நோயாளி தன் சிகிச்சை பற்றி முன்கூட்டியே எழுதி வைக்கலாம், தனக்காகப் பேச ஒருவரை நியமிக்கலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. முதல் ஆவணத்தை எல்லோரும் 'அட்வான்ஸ் டைரக்டிவ்' என்றே சொல்கிறார்கள். நான் இங்கே 'முன் விருப்ப ஆவணம்' என்கிறேன்.

1. நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

நோய் தணிந்து, தூக்கம் சீராகி, மருந்து ஒரு நிலைக்கு வந்திருக்கும் சமயம்தான் சரியான சமயம். டிஸ்சார்ஜ் ஆன மறுவாரம் உட்காராதீர்கள். அப்போது எல்லோருக்கும் மனம் ரணமாக இருக்கும், எழுதுவதெல்லாம் கோபமாக வரும். இரண்டு மூன்று மாதம் போகட்டும்.

18 வயது நிறைந்த யாரும் எழுதலாம். இதுவரை நோயே வராதவரும் எழுதலாம். மைனர் என்றால் சட்டப்படியான பாதுகாவலர் எழுத வேண்டும்.

எழுதும்போது முடிவெடுக்கும் திறன் இருக்க வேண்டும். சட்டம் இதை மூன்றாகப் பிரிக்கிறது: சொல்லப்படும் விவரம் புரிகிறதா, முடிவின் விளைவு என்னவென்று உணர முடிகிறதா, தன் முடிவைப் பேச்சிலோ சைகையிலோ வேறு வழியிலோ தெரிவிக்க முடிகிறதா. ஒருவர் எடுத்த முடிவு நமக்குத் தவறாகப் படுகிறது என்பதற்காக அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது, சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களிடம் இந்த ஒரு வரியைப் படித்துக் காட்டுங்கள்.

என் யோசனை ஒன்று. அன்றைய தேதியில் வழக்கமாகப் பார்க்கும் மனநல மருத்துவரிடம் போய், 'இன்று இவர் தெளிவாக இருக்கிறார், முடிவெடுக்கும் திறனோடு இருக்கிறார்' என்று அவரது சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது ஆவணத்தைக் கேள்வி கேட்டால் அந்தச் சீட்டு பேசும். அன்றைய கன்சல்டேஷன் ஃபீஸ்தான் இதற்குச் செலவு. அரசு மருத்துவமனையில் அதுவும் இல்லை.

2. பிரதிநிதி யார்?

இவரைச் சட்டம் 'நாமினேட்டட் ரெப்ரசென்டேட்டிவ்' என்கிறது. 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும், அந்தப் பொறுப்பைச் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும், ஒப்புக்கொண்டதாக எழுதிக் கொடுக்க வேண்டும். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நியமனத்தை வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். முத்திரைத் தாள் கேட்கப்படவில்லை. எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

யாரையும் நியமிக்காவிட்டால் சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது: முதலில் உறவினர், அவர் இல்லையென்றால் பராமரிப்பவர், அவரும் இல்லையென்றால் வாரியம் (இந்தச் சட்டப்படி முறையீடுகளைக் கேட்கும் மனநல மறுஆய்வு வாரியம், விவரம் 5-ஆம் படியில்) நியமிக்கும் ஆள். நடைமுறையில் அந்த இரவு யார் ஆட்டோவில் கூட வந்தாரோ அவரே பிரதிநிதி என்று படிவத்தில் எழுதப்பட்டுவிடும். சொத்துத் தகராறு இருக்கும் வீட்டில், கணவன் மனைவிக்குள் வழக்கு நடக்கும் வீட்டில், இது எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிரதிநிதியை முன்கூட்டியே எழுதி வைக்க வேறு காரணமே வேண்டாம்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது பாசத்தை மட்டும் பார்க்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு போனை எடுப்பாரா, டாக்டரிடம் நிதானமாக ஒரு கேள்வியை இரண்டாம் தடவை கேட்பாரா, நோயாளி விரும்புவதும் தான் விரும்புவதும் வேறாக இருந்தால் நோயாளியின் விருப்பத்தைச் சொல்வாரா, இவற்றைப் பாருங்கள். சட்டம் அவருக்குக் கொடுக்கும் வேலையும் அதுதான். அக்கா என்னை முதல் பெயராகவும், அவளுடன் வேலை பார்த்த தோழியை இரண்டாவது பெயராகவும் போட்டாள். முன்னுரிமை வரிசையில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் போடலாம், அவசியம் போடுங்கள். ஒருவர் ஊரில் இல்லாத நாள் வரத்தான் செய்யும்.

வங்கி நாமினியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தப் பிரதிநிதிக்கு நோயாளியின் கணக்கிலோ வீட்டுப் பத்திரத்திலோ எந்த அதிகாரமும் வராது. இந்தச் சட்டம் சொத்து நிர்வாகத்துக்கே போகவில்லை.

3. என்ன எழுதுவது

நேரத்தை அதிகம் செலவிட வேண்டிய இடம் இது. சட்டம் கேட்பது மூன்று: எப்படிச் சிகிச்சை அளிக்க வேண்டும், எப்படி அளிக்கக் கூடாது, யார் பிரதிநிதி. முதல் இரண்டையும் 'நல்ல முறையில் கவனிக்கவும்' என்று எழுதினால் அது யாருக்கும் உதவாது. டியூட்டி டாக்டர் படித்ததும் உடனே செயல்படக்கூடிய வரிகளாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்க வேண்டும். அக்காவின் ஆவணத்திலிருந்து, அவள் அனுமதியோடு, சில வரிகள்:

'மூன்று ராத்திரி தூங்காமல் பீரோவைக் கலைத்து அடுக்க ஆரம்பித்தால் எனக்கு மேனியா தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கட்டத்திலேயே என் டாக்டரைக் கூப்பிடுங்கள்.'

'ஹாலோபெரிடால் ஊசி போட்டால் என் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்கிறது, தாடை இறுகுகிறது. முன்பே நடந்திருக்கிறது. முடிந்தவரை வேறு மருந்து கொடுங்கள். வேறு வழி இல்லையென்றால் அந்த இறுக்கத்துக்கான மருந்தையும் சேர்த்துக் கொடுங்கள்.'

'லித்தியம் எனக்கு ஒத்துக்கொள்கிறது. ரத்தத்தில் அளவு பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.'

'என் கண்ணாடியை வாங்கி வைக்காதீர்கள். கண்ணாடி இல்லாமல் எதிரில் நிற்பவர் முகம் எனக்குத் தெரியாது. பயம் கூடி நான் கையை ஓங்குவேன்.'

கடைசி வரியைப் பாருங்கள். வார்டில் 'ஆவேசம்' என்று எழுதப்படுவதில் பாதி இப்படி ஏதாவது ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் வீட்டிலும் ஒரு 'கண்ணாடி' இருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னும் எழுதக்கூடியவை: எந்த மருத்துவமனை முதல் தேர்வு, எது வேண்டவே வேண்டாம்; மின் அதிர்வுச் சிகிச்சை பற்றிய விருப்பம்; யார் பார்க்க வரலாம், யார் வரக்கூடாது; யாரிடம் நோய் விவரம் சொல்லக்கூடாது; வேறு நோய்கள், ஒவ்வாமை; ஆண் ஊழியர், பெண் ஊழியர் பற்றிய விருப்பம்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், உலக சுகாதார நிறுவனம் மனநோயாளிகளின் உரிமைகளுக்காக நடத்தும் 'குவாலிட்டி ரைட்ஸ்' திட்டத்தின் கீழ் 2019-இல் வெளியிட்ட சுய மீட்புத் திட்டக் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலத்தில்தான் நாங்கள் பயன்படுத்தினோம். அதிலுள்ள கேள்விகளை நான் தமிழில் கேட்க, அக்கா பதில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். ஒரே நாளில் முடிக்க வேண்டாம். நோய் வந்த நாட்களை நினைவுகூர்வது களைப்பான வேலை. பாதியில் நிறுத்தி அடுத்த வாரம் தொடருங்கள்.

இங்கே மாட்டிக்கொள்ளும் இடங்கள்:

'எந்தச் சிகிச்சையும் வேண்டாம்' என்று ஒரே வரியில் எழுதுவது. டாக்டரோ உறவினரோ ஆவணத்தை ஏற்க விரும்பாவிட்டால் வாரியத்திடம் போகலாம். வாரியம் அப்போது, இவர் விவரம் தெரிந்து எழுதினாரா, சொந்த விருப்பத்தில் எழுதினாரா, இப்போது வந்திருக்கும் நிலைமையை மனதில் வைத்து எழுதினாரா என்றுதான் பார்க்கும். காரணத்தோடு எழுதிய வரி அந்தக் கேள்விகளைத் தாங்கும், மொட்டை மறுப்பு தாங்காது. அப்புறம், உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் 72 மணி நேரம் வரை தரக்கூடிய அவசர சிகிச்சையை இந்த ஆவணத்தைக் காட்டி நிறுத்த முடியும் என்றும் எண்ண வேண்டாம்.

குடும்பத்தார் தங்கள் விருப்பத்தை நோயாளி பெயரில் எழுதுவது. 'வீட்டில் தொந்தரவு செய்தால் உடனே சேர்க்கவும்' போன்ற வரிகள் அவருடையதா உங்களுடையதா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் அழைப்பது, வாடகை யார் கட்டுவது போன்றவற்றையும் இதிலேயே எழுதுவது. முக்கியமான விஷயங்கள்தான், ஆனால் தனித் தாளில் எழுதிப் பிரதிநிதியிடம் கொடுங்கள். டாக்டர் படிக்க வேண்டிய ஆவணம் இரண்டு பக்கத்தைத் தாண்டினால் அவசர நேரத்தில் படிக்க மாட்டார்கள்.

4. படிவமும் சாட்சிகளும்

மத்திய மனநல ஆணையத்தின் 2020 ஒழுங்குமுறைகளில் இதற்கென்று 'சிஆர்-ஏ' என்ற படிவம் இருக்கிறது. அந்த வடிவத்திலேயே எழுதுங்கள். எழுதுபவர் கையெழுத்து, இரண்டு சாட்சிகள் கையெழுத்து, பிரதிநிதியின் சம்மதக் கையெழுத்து, எல்லாம் வேண்டும். சாட்சிகள் நேரில் இருந்து பார்த்திருக்க வேண்டும். கையெழுத்துக்காக வீடு வீடாகத் தாளை அனுப்பாதீர்கள்.

பிரதிநிதியையும் அவருடைய மனைவியையும் சாட்சியாகப் போடுவதைத் தவிர்க்கலாம். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர், கூட வேலை பார்ப்பவர் மாதிரி, இதில் எந்த லாபமும் இல்லாதவர் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம்.

செலவு: ஜெராக்ஸ் மட்டும். நோட்டரி வேண்டும், பத்திரம் எழுத வேண்டும், ஸ்டாம்ப் பேப்பர் வேண்டும் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கொடுக்காதீர்கள்.

5. வாரியத்தில் பதிவு

மனநல மறுஆய்வு வாரியம் என்பது மாவட்டத்துக்கு ஒன்றாகவோ சில மாவட்டங்களுக்குச் சேர்த்து ஒன்றாகவோ இருக்கும். பணியில் உள்ள அல்லது ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி நிலையில் ஒருவர் தலைவர். கலெக்டரின் பிரதிநிதி, மனநல மருத்துவர், மருத்துவர் ஆகியோருடன், நோயை அனுபவித்தவர்கள், பராமரிப்பவர்கள், தொண்டு நிறுவனத்தினர் ஆகியோரிலிருந்து இருவரும் உறுப்பினர்கள். ஆவணத்தைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. பதிவானவற்றை வாரியம் இணையப் பதிவேட்டில் வைத்து, மனநல வல்லுநர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும்.

எங்களுக்கு ரொம்ப இழுத்தடித்தது இந்தப் படிதான். வாரியம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது, அது முதல் அலுவலகத்தையே திரும்பக் கைகாட்டியது. கடைசியில் வழி காட்டியது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு. நீங்கள் முதலிலேயே அங்கே போங்கள், அல்லது 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இந்தச் சட்டத்தின்படி மனநோயாளிக்கு இலவசச் சட்ட உதவி உரிமை உண்டு, அதனால் தயங்க வேண்டியதில்லை. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார்.

எடுத்துப் போக வேண்டியவை: நிரப்பிய படிவம் மூன்று பிரதி, எழுதியவர், பிரதிநிதி, சாட்சிகள் எல்லோருடைய ஆதார் நகல், டாக்டர் சீட்டு நகல், 'இதைப் பதிவு செய்து அத்தாட்சி தரவும்' என்று தேதியிட்ட ஒரு கடிதம். கடிதத்தின் இரண்டாம் பிரதியில் சீலும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். கவுண்டரில் வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். 'இப்படி ஒன்றை நாங்கள் பார்த்ததே இல்லை' என்று ஊழியர் சொல்லக்கூடும். கோபப்பட வேண்டாம். சட்டத்தின் 5 முதல் 7 வரையிலான பிரிவுகளை அச்செடுத்துக் கையில் வைத்திருந்து காட்டுங்கள்.

மாற்ற வேண்டுமென்றால் மறுபடி இதே வழிதான். எத்தனை முறையும் மாற்றலாம். மருந்து மாறும்போதெல்லாம் ஓட வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்தால் போதும்.

6. நகல்களைப் பரப்புங்கள்

இந்த ஆவணம் டாக்டர் கைக்குக் கிடைக்கச் செய்வது எழுதியவர், பிரதிநிதி இருவரின் கடமை என்று சட்டம் சொல்கிறது. நகல் தரப்படாத மருத்துவர் அதைப் பின்பற்றவில்லை என்று குற்றம் சொல்ல முடியாது. பதிவேட்டில் இருக்கிறதே, அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று இருக்காதீர்கள்.

வழக்கமான டாக்டரின் கேஸ் ஷீட்டில் ஒன்று, பிரதிநிதிகள் இருவரிடமும் ஒவ்வொன்று, பிரதிநிதியின் போனில் பிடிஎஃப், வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் கவரில் ஒன்று. அந்தக் கவரில் கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போதைய மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, ஆதார் நகல், காப்பீட்டு அட்டை நகல் இருக்கட்டும். எல்லாமே நகல். ஒரிஜினலை வார்டில் கொடுத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

7. சேர்க்கும் நாள்

சேர்க்காமலே சமாளிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். ஆரம்ப அறிகுறியில் டாக்டரிடம் போய் மருந்தைச் சரிசெய்தாலே பல தடவை அடங்கிவிடும். நடு இரவில் யாரும் கிடைக்காவிட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

சேர்க்கத்தான் வேண்டுமென்றால் ஓ.பி.யில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'எந்தப் பிரிவில் சேர்க்கிறீர்கள்?' பெரியவர்களுக்கு இரண்டு வழிதான் முக்கியம்.

பிரிவு 86: நோயாளி தானே சம்மதித்துச் சேர்வது. அவர் கேட்டால் வெளியே விட வேண்டும். ஆபத்து இருப்பதாக டாக்டர் நினைத்தால், மறு மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் வரை மட்டும் நிறுத்தி வைக்கலாம். ஆள் தளர்ந்திருந்தாலும் புரிந்து சம்மதிக்கிறார் என்றால் இந்த வழியைக் கேளுங்கள். பொறுமையாகப் பேசினால் 86-இல் முடிந்திருக்க வேண்டியது, அவசரத்தில் 89 ஆகிவிடுகிறது.

பிரிவு 89: பிரதிநிதி விண்ணப்பித்துச் சேர்ப்பது. ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ, அன்றைக்கோ அதற்கு முந்தைய 7 நாட்களுக்குள்ளோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யக்கூடிய நிலை, அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருக்கும் நிலை என்று இருவரும் சொல்ல வேண்டும். அதிகபட்சம் 30 நாள். வாரியத்துக்கு 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெண் என்றாலோ மைனர் என்றாலோ 3 நாள். முடிவெடுக்கும் திறன் திரும்பிவிட்டதா என்று வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும், திரும்பியதும் அவருடைய சம்மதம்தான் செல்லும். சேர்த்ததை எதிர்த்து வாரியத்தில் முறையிட்டால் 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 30 நாளுக்கு மேல் வைத்திருக்க பிரிவு 90 தனி, அதற்கு இரண்டு மனநல மருத்துவர்களும் வாரிய அனுமதியும் வேண்டும்.

ஆவணத்தின் நகலைக் கொடுத்து, 'கேஸ் ஷீட்டில் வைத்துவிட்டோம்' என்று ஊழியர் கையெழுத்தை உங்கள் பிரதியில் வாங்குங்கள். கூடவே டியூட்டி டாக்டரிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள், முக்கியமான இரண்டு வரிகளை மட்டும். நாங்கள் ஹாலோபெரிடால், கண்ணாடி இரண்டையும் சொன்னோம். டாக்டர் கேட்டுக்கொண்டார், நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த வார்டில் அக்கா கட்டப்படவில்லை.

நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மின் அதிர்வுச் சிகிச்சைக்கான சம்மதம் பொதுச் சம்மதக் கட்டோடு சேர்ந்து வந்தால் தனியாகப் பிரித்துக் கேளுங்கள்.

தனியார் 'மறுவாழ்வு மையம்', குடிபோதை இல்லம் ஆகியவை பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குடி, போதையால் வரும் மனநிலைப் பாதிப்பும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது. மனநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இல்லாமல் நடத்தினால் முதல் தடவைக்கே ரூ.5,000 முதல் ரூ.50,000 வரை அபராதம். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். 'போன் பண்ணினால் வண்டி வந்து ஆளைத் தூக்கிக்கொள்ளும், ஆறு மாதம் பார்க்க வரக்கூடாது' என்று சொல்லும் இடத்துக்கு, எவ்வளவு களைத்திருந்தாலும், அனுப்பாதீர்கள். வீட்டார் கையெழுத்தை வைத்துக்கொண்டு ஆறு மாதம் பூட்டி வைக்கச் சட்டத்தில் இடமில்லை.

8. உள்ளே இருக்கும் நாட்கள்

சங்கிலி எந்த வடிவத்திலும் கூடாது. தனியறையில் பூட்டி வைக்கக் கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவர் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் உடலைக் கட்டுப்படுத்தலாம். அதைப் பதிவு செய்து, 24 மணி நேரத்துக்குள் பிரதிநிதிக்குத் தெரிவிக்க வேண்டும். தண்டனையாகவோ ஆள் பற்றாக்குறை என்றோ கட்டக் கூடாது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் மின் அதிர்வுச் சிகிச்சை தடை. கட்டாய மொட்டை கூடாது. சொந்த உடை உடுத்தலாம். நியாயமான நேரத்தில் போன் பேசலாம்.

பார்க்கப் போகும் நாளெல்லாம் ஒரு நோட்டில் தேதி, நேரம், பார்த்தது, பேசிய ஊழியர் எந்தப் பொறுப்பில் இருப்பவர் என்று எழுதுங்கள். புகார் என்று வந்தால் நினைவைவிட அந்த நோட்டுதான் நிற்கும்.

9. வெளியே வரும்போது

டிஸ்சார்ஜுக்கு முன்னால் அடுத்து என்ன என்று நோயாளியோடும் பிரதிநிதியோடும் பேசித் திட்டமிடுவது மருத்துவமனையின் வேலை. 'ஒரு மாதம் கழித்து வாங்க' என்று மட்டும் சொல்லி அனுப்பினால், மருந்து எங்கே கிடைக்கும், பக்கவிளைவுக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு வாங்குங்கள். மருத்துவப் பதிவேட்டை எழுதிக் கேட்டால் 15 நாளுக்குள் தர வேண்டும் என்பது 2018 விதி.

காப்பீடு: உடல் நோய்க்கு உள்ளது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று பிரிவு 21 சொல்கிறது. 2018 ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் நிறுவனங்களுக்கு அப்படியே உத்தரவிட்டது. கிளெய்மை 'மனநோய்' என்ற காரணத்துக்காக மட்டும் மறுத்தால் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ஓ.பி. செலவு பல பாலிசிகளில் வராது, முன்பே படித்துப் பாருங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் அரசு மனநல மையங்களில் சிகிச்சை முழுக்க இலவசம், அதற்குக் கார்டு கையில் இருக்க வேண்டும் என்று இல்லை.

10. புகார்

முதலில் மருத்துவமனைப் பொறுப்பாளரிடம், எழுத்தில். சரியான பதில் இல்லையென்றால் வாரியம், அதற்கும் மேல் மாநில ஆணையம். வாரியத்தில் மனு போடக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நோயாளியே பேசலாம், விசாரணை மூடிய அறையில்தான் நடக்கும். வாரியத் தீர்ப்பை எதிர்த்து 30 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம்.

11. இதை மற்றவர்களுக்கும் செய்துகொடுக்க நினைத்தால்

நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து இப்போது அடுத்தவர்களுக்கு ஆவணம் எழுத உதவுகிறோம். ஆள் சேர்ந்ததும் அமைப்பைப் பதிவு செய்ய ஓடாதீர்கள். முதலில் எல்லோரும் குவாலிட்டி ரைட்ஸ் இணையப் பயிற்சியை முடியுங்கள். இலவசம், அவரவர் வேகத்தில் படிக்கலாம், முடித்தால் சான்றிதழ் உண்டு. பயிற்சியில் என்னை மாற்றிய பகுதி, நோயாளிக்காக முடிவெடுப்பதற்கும் அவர் முடிவெடுக்கத் துணை நிற்பதற்கும் உள்ள வேறுபாடு. குஜராத்தின் அரசு மனநல மையங்களில் குவாலிட்டி ரைட்ஸ் முறையை வைத்துச் செய்த வேலையின் முடிவுகள் 2019-இல் வெளிவந்தன, தேடிப் படியுங்கள். குடும்பங்களோடு எப்படிப் பேசுவது என்று கற்க சென்னையில் 1984 முதல் இயங்கும் ஸ்கார்ஃப், 1993 முதல் இயங்கும் பேனியன் ஆகிய மனநலத் தொண்டு அமைப்புகளின் வேலையைப் போய்ப் பாருங்கள்.

வெளிநாட்டுப் பணம் என்றால் கவனம். டிரஸ்ட் கணக்குக்குக் கனடாவிலிருந்து ஒரு அண்ணன் ஐம்பதாயிரம் போடுகிறேன் என்பார். அவர் இந்தியக் குடிமகனாகவே இருந்து சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் ஆகும், அப்போது எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவுக்கு அமைப்பு மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், கடைசி மூன்று நிதியாண்டில் தன் பணிக்கு ரூ.15 லட்சம் செலவிட்டிருக்க வேண்டும், பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். ஆவணம் எழுத உதவும் வேலைக்கு இவ்வளவு பணம் வேண்டியதில்லை. ஒரு பிரிண்டர், ஒரு அறை, வாரத்தில் ஒரு மாலை போதும்.

நன்கொடை தருபவர் படம் கேட்பார். சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது என்பது பிரிவு 24. நாங்கள் ஒரு படி மேலே போய், சம்மதம் இருந்தாலும் முகம் போடுவதில்லை என்று வைத்திருக்கிறோம். மேனியாவில் சிரித்துக்கொண்டே 'போட்டுக்கோங்க' என்றவர், ஆறு மாதம் கழித்து வேலை தேடிப் போகும்போது அந்தப் படம் இணையத்தில் இருக்கக் கூடாது.